அவருக்காக வைத்திருந்த வீடு

மலேயாவிலிருந்து கடைசிவரை ஒன்றும் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார்கள். காத்திருக்கிற வேலையை எங்கள் வீட்டில் ஒருத்தி செய்ததே போதும்.

என் அப்பா ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தார். தோட்டத்துக் குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள். எனக்கு மூன்று வயதாகும்போது கப்பலேறிப் போனவர், யுத்தம் தொடங்கிய மறு வருஷம் அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தடவைதான் மதுரைக்கு வந்தார். பதினோரு நாள்.

தந்தி வந்தபோது நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வகுப்பு வாசலில் வந்து நின்று, நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்து, விடையையும் எழுதிவிட்டுத்தான் போனேன். எம்புட்டு அழுத்தம் பாரு என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். அழுத்தமெல்லாம் இல்லை. அந்த மனுஷரை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத ஒருவர் தெரியாத ஊரில் செத்துப்போனதற்கு எந்த இடத்தில் வலிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மாவும் அழவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்குகிற போர்டிங்கில் அவள் மேட்ரன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி அளந்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, போதகருக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிக்கும்போது ஈப்போவில் இறந்தார் என்று சொல்லட்டும், ஆனால் மதுரை இன்ன தெருவில் வசித்தவர் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். எழுதினேன். என்ன எழுதச் சொன்னாலும் எழுதியிருப்பேன் அன்று.

எங்கள் வீடு ரயில் பாதைக்கு மேற்கே, காளவாசலுக்குப் போகிற வழியில் இருந்தது. அந்தப் பக்கம் அப்போது வீடுகள் குறைவு. காற்று திரும்பினால் செங்கல் சூளைப் புகை சமையலறை வரைக்கும் வரும். வீட்டுப் பத்திரத்தில் பெயர் அப்பாவுடையது, பணம் அம்மாவுடையது. போர்டிங் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தன் தாய் போட்ட நகைகளையும் விற்று வாங்கின வீடு. பத்திரம் பதிகிற அன்று அப்பா ஈப்போவில் எந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாரோ. குத்துக்கல்லாட்டம் புருஷன் இருக்கும்போது பெண்டாட்டி பெயரில் சொத்து வாங்குவது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் அவர் கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல் அவர் வீட்டுக்காரர் ஆனார்.

முன்னறையில் ஒரு முகக்கண்ணாடி மாட்டியிருந்தது. அப்பாவின் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியது. அம்மாவும் குட்டை, நானும் குட்டை. எட்டிப் பார்த்தால் நெற்றியும் வகிடும் தெரியும், அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. பதின்மூன்று வயதிலிருந்து அந்த ஆணியை ஒரு முழம் கீழே இறக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "அவரு வந்தா குனிஞ்சுக்கிட்டா சவரம் பண்ணுவாரு?" என்பாள். நான் சமையலறை ஜன்னலில் ஓர் உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு தலை சீவினேன். டீச்சர் வேலைக்குப் போன பிறகும் அதில்தான்.

போன புதிதில் அப்பா மாதாமாதம் பணம் அனுப்பினார். எனக்கு ஒன்பது வயதான வருஷம் அது நின்றது. கடிதம் மட்டும் கிறிஸ்துமஸுக்கு ஒன்று வரும். சௌக்கியம், மழை அதிகம், ரப்பர் விலை இறங்கிவிட்டது. அங்கே இன்னொரு குடும்பம் இருக்கும் என்று தெருவில் எல்லாரும் முடிவு கட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் செத்த பிறகு விசாரித்ததில் அப்படி யாருமே இல்லை. தனியாக ஒரு வீட்டில் ஒரு சீனச் சமையல்காரனை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இன்னொருத்தி இருந்திருந்தாலாவது கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பாள். சும்மா வராமல் இருந்த மனுஷரை என்ன செய்வது?

பணம் நின்றது தெருவுக்குத் தெரியாது. அதற்கு அம்மா செய்த ஏற்பாட்டை நான் பதினான்கு வயதில் கண்டுபிடித்தேன். போர்டிங்குக்குக் காய்கறி வாங்க மாதம் இரண்டு தடவை பரவைச் சந்தைக்குப் போவாள். ஒரு தடவை லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனாள். கத்தரிக்காய் மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, தபாலாபீசுக்குள் போனாள். தண்ணீர் தாகம் எடுத்து நான் பின்னாலேயே போனேன். ஜன்னலில் நின்று மணியார்டர் பாரம் எழுதிக்கொண்டிருந்தாள். பெறுபவர் இடத்தில் எங்கள் வீட்டு விலாசமும் அவள் பெயருமே இருந்தன.

மூன்று நாளில் அது வீட்டுக்கு வந்தது. எங்கள் தபால்காரர் நல்ல குரல்காரர். தெரு முனையிலேயே, "மேட்ரனம்மா, மலேயா மணியார்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே வருவார். அவருக்கு எல்லாம் தெரியும். முத்திரையில் பரவை என்று இருப்பதைப் படிக்கத் தெரியாத தபால்காரரா? அம்மா அவரிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று கையெழுத்து வாங்கி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அவள் பணம் அவளுக்கே திரும்பி வரும், கமிஷன் கழித்துக்கொண்டு. இப்படிப் பதினைந்து வருஷம்.

அப்பா இறப்பதற்கு முந்தைய வருஷம் அந்தப் பதினோரு நாள் லீவில் வந்தார். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கினார். வீட்டுக்கு இரண்டு மத்தியானம் வந்தார். அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். நன்றாக இருக்கிறது என்றார். என்னிடம் என்ன வகுப்பு எடுக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து முன்னறையில் கண்ணாடிக்கு நேர் எதிராகத்தான் உட்கார்ந்தார். ஒரு தடவைகூட நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை. ராத்திரி எங்கே என்று கேட்ட தெருக்காரர்களிடம் மேலூரில் பங்காளிகளோடு நில விஷயம் பேசப் போகிறார், நேரமாகித்தான் வருகிறார், விடிகிறதற்குள் கிளம்பிவிடுகிறார் என்று அம்மா சொன்னாள். மேலூரில் அவருக்கு நிலமே கிடையாது.

அவர் இறந்து மூன்று மாதம் கழித்து ஈப்போவிலிருந்து ஒரு வக்கீல் கடிதம் எழுதினார். அங்கே ஒரு சின்ன வீடும் பாங்கில் கொஞ்சம் பணமும் இருக்கிறது, வாரிசு நீங்கள் இருவர்தான், இறந்தவர் சொத்துக்கு அந்தச் சர்க்கார் ஒரு வரி போடுகிறது, அதைக் கட்டித் தீர்த்தால்தான் கோர்ட் சொத்தை விடும் என்றது கடிதம். கூடவே ஒரு பாரம். அதில் ஒரு கேள்வி, இறந்தவருடைய நிரந்தர வாசஸ்தலம் எது? ஈப்போ என்று போட்டால் வேலை சுலபமாக முடியும், அவரே ஒரு விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று வக்கீல் குறிப்பு எழுதியிருந்தார். நான் ஈப்போ என்று எழுதி, அம்மாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன். பாரம் இங்கிலீஷில் இருந்தது. அவள் என்னவென்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே நாங்கள்தான் வாரிசு என்று சான்று வேண்டுமே, அதற்கு மதுரைக் கோர்ட்டில் ஒரு மனு போட வேண்டியிருந்தது. இந்த மனு தமிழில் எழுதி, பிறகு இங்கிலீஷ் ஆக்கினது. அதனால் அம்மா வரிக்கு வரி கேட்டாள். மதுரையில் சொந்த வீட்டில் வசித்து, உத்தியோக நிமித்தமாக மலேயா போயிருந்தவர் என்று எழுதச் சொன்னாள். எங்கள் வக்கீல் நல்ல மனுஷர், வயதானவர், அப்பாவியும்கூட. அப்படியே எழுதிவிட்டார். அந்த மனு வருமான வரி ஆபீசின் கண்ணில் எப்படிப் பட்டதோ தெரியாது. ஒரு நாள் மத்தியானம் அங்கிருந்து ஒரு குமாஸ்தா வந்தார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி முடித்திருந்தாள். இது அவரு கட்டில், இது அவரு கண்ணாடி, இது அவரு பேர்ல வீட்டு வரி ரசீது. இருபது வருஷமாக அவளை யாரும் நம்பாமல் கேட்ட கேள்விகளை ஓர் உத்தியோகஸ்தர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அவர் எழுத எழுத அவளுக்குத் தெம்பு கூடியிருக்கிறது. வீடு அவருக்காகத்தான் இருந்தது என்று எவ்வளவு அழுத்திச் சொல்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் சொத்து கைக்கு வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பணம் அனுப்பினாரா என்று கேட்டதற்கு, சம்பளம் பூராவும் இங்கேதான் வரும் என்று சொன்னாளாம். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் தெருவில் போயிருக்கிறார். அவரையும் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறாள். அவரும் அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, மாசம் தவறாமல் என் கையால்தான் கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாக விளக்கினார். சட்டத்தைப் புதிதாகத் திருத்தியிருக்கிறார்கள். இங்கே ஒருவருக்கென்று ஒரு வீடு பராமரிக்கப்பட்டு, அந்த வருஷத்தில் அவர் சில நாளாவது இங்கே வந்திருந்தால், அவர் இந்த ஊர்வாசி. ஊர்வாசி வெளிதேசத்தில் சம்பாதித்து இங்கே அனுப்பினதற்கு இங்கே வரி உண்டு. இறந்தவர் கட்டாததை அவர் விட்டுப்போன சொத்திலிருந்து வாரிசு கட்ட வேண்டும். மலேயாச் சொத்து இன்னும் கைக்கு வரவில்லை. சர்க்காரின் கைக்கு எட்டுகிற சொத்து, பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிற இந்த வீடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ஈப்போச் சர்க்கார் அவர் எங்கள் ஆள் என்று வரி கேட்கிறது, மதுரைச் சர்க்காரும் எங்கள் ஆள் என்று வரி கேட்கிறது. உயிரோடு இருந்தவரை எந்த ஊரும் அவரை எங்களுக்கென்று கொடுக்கவில்லை.

தப்ப வழி இருக்கிறது என்றார் வக்கீல். இரண்டு விஷயத்தை நிரூபித்தால் போதும். வீடு அம்மாவின் சம்பாத்தியம், அவர் பெயர் வெறும் பினாமி. பணம் அவர் அனுப்பவில்லை. முதலாவதுக்கு மிஷன் சம்பளப் புத்தகம் இருக்கிறது. இரண்டாவதுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் பேசுவதற்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள்.

"எம் புருஷன் பினாமியா?" என்றாள். "இருபது வருசமா அந்தக் கண்ணாடியக்கூட இறக்கி மாட்டாம வச்சிருக்கேன். பினாமியாம்ல."

வெளியே போய் ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே தனியாக வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரவைத் தபாலாபீஸ், ஹோட்டல், மேலூர்ப் பொய், எல்லாம். சொல்லும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரி கோர்வையாக வந்தது. மணியார்டர் அனுப்பினால் அனுப்பினவருக்கு ரசீது தருவார்களே, அதை அம்மா வைத்திருப்பார்களா என்று கேட்டார். வைத்திருப்பாள் என்றேன். அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. விசாரணை அன்று அவற்றைக் கொண்டுவந்துவிடுங்கள் டீச்சரம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

என் அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்டர்மீடியட் முடித்து வேலைக்கு வந்த நாளிலிருந்து மதராஸ் போய் பி.ஏ. படிக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகத்தில் இருந்தது. ஜூன் மாதம் காலேஜில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஹாஸ்டலுக்கு ஒரு டிரங்குப் பெட்டிகூட வாங்கிவிட்டேன். வரி என்று வந்தால் வீட்டை ஏலம் போகவிடாமல் காக்க இந்தப் பணத்தை விட்டால் வேறு பணம் கிடையாது. அம்மாவிடம் அதைச் சொன்னேன். நீ படிக்கப் போ, வீடு போனால் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

ரசீதுகள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. வருஷ வாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அவள் போர்டிங்குக்குப் போன நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்து என் கைப்பையில் வைத்தேன். டப்பா காலியாகத் தெரியக்கூடாது என்று அதில் பழைய ஞாயிறு பள்ளிப் படங்களைப் போட்டு மூடினேன். திருட்டுத்தனம்தான். அப்போது வெட்கமாகக்கூட இல்லை. இப்போதுதான் இருக்கிறது.

விசாரணை காலையில் பதினொரு மணிக்கு. ஆபீசர் மதராஸ்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அம்மாவை உட்காரச் சொன்னார், என்னையும் உட்காரச் சொன்னார். தணிந்த குரலில் பேசினார். அதட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எங்கள் வக்கீல், சில உண்மைகள் பதிவில் தவறாக இருக்கின்றன, அவற்றைத் திருத்த வேண்டும் என்று ஆரம்பித்தார். முதலில் அம்மா சொல்லட்டும் என்றார் ஆபீசர்.

"இந்த வீடு யாருக்காக இருந்ததும்மா?"

"அவருக்காகத்தான்யா."

"பணம் வந்ததா?"

"வந்துச்சு."

"லீவில் வந்த பதினோரு நாளும் எங்கே தங்கினார்?"

அம்மா மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். போர்டிங் அடுப்பில் வெந்து வெந்து அந்தக் கைகளில் ரோமமே கிடையாது.

"வீட்லதான். எங்க போவாரு?"

வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசரும் பார்த்தார். மகள் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, காகிதம் ஏதாவது காட்ட வேண்டுமா என்று கேட்டார். கைப்பை என் மடியில் இருந்தது. பதினைந்து வருஷத்து ரசீதும் அதில் இருந்தது. கொக்கியைத் திறந்தால் போதும். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கெஞ்சவில்லை, தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பரவைத் தபாலாபீசில் பாரம் எழுதிக்கொண்டிருந்தபோது எப்படி நின்றாளோ அப்படியே முதுகை நேராக வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில் பாசம் பொங்கியது, தியாக எண்ணம் வந்தது என்றெல்லாம் எழுதினால் பொய். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி எழுந்திருக்கும்போது அது நம் கால் போலவே இருக்காதே, அப்படி என் குரல் எனக்குக் கேட்டது. "அம்மா சொன்னது சரிதான். காட்ட ஒன்றும் இல்லை" என்றேன்.

வக்கீல் காகிதங்களை அடுக்கிக் கட்டினார். அவருக்கு என்மேல் வருத்தம் என்று தெரிந்தது. ஆபீசர் எழுதினார். தொகை அதிகம் இல்லை என்று ஆறுதல் போலச் சொன்னார். அவருக்கு அதிகம் இல்லை.

திரும்பும்போது ஜட்காவில் அம்மாவும் நானும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். வெயில் சரியான வெயில். ரயில் கேட் சாத்தியிருந்ததால் வண்டி நின்றது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்ததும் அம்மா சொன்னாள்.

"ரசீதெல்லாம் பழையபடி டப்பாவுலயே வச்சிரு. அந்தப் படங்கள எடுத்துரு, பூச்சி வரும்."

சரி என்றேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பையைத் திறந்திருந்தால் அதற்கும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கி வைத்தேன். ஒரு கட்டின் நூல் அவிழ்ந்திருந்தது, கட்டினேன்.

ஜூனுக்கு முன்னால் சேமிப்புப் புத்தகத்தில் இருந்ததை எடுத்து வரியைக் கட்டினோம். போதாததற்கு அம்மா கழுத்துச் சங்கிலியைக் கொடுத்தாள். காலேஜுக்கு, இந்த வருஷம் வர இயலவில்லை என்று எழுதினேன். அடுத்த வருஷமும் வர இயலவில்லை. பிறகு எழுதுவதை விட்டுவிட்டேன். டிரங்குப் பெட்டியில் துணிமணி வைத்துக்கொண்டோம். அந்த வருஷக் கடைசியிலேயே ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்துவிட்டான். யுத்தம் முடிந்து விசாரித்தபோது ஈப்போ வக்கீலும் இல்லை, அவருடைய ஆபீசும் இல்லை. அப்பாவின் பாங்கு எது என்றே எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆக, வராத பணத்துக்கு, அனுப்பாத மனுஷர் பெயரில், நாங்கள் முழு வரியையும் ஒழுங்காகக் கட்டியிருந்தோம். இதைப் பிற்காலத்தில் சொன்னால் பலர் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

வரி கட்டின பிறகு ஒரு நாள் தபாலில் உத்தரவின் நகல் வந்தது. தபால்காரர் அன்று குரல் கொடுக்கவில்லை. வாசலில் நின்று, தன் கையெழுத்தால்தான் இம்புட்டும் ஆனது என்று யாரோ சொன்னார்கள், அப்படியா என்று கேட்டார். அம்மா அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அதெல்லாம் இல்லண்ணே, நீங்க இல்லாட்டி யாரு எனக்குச் சாட்சி சொல்லுவா என்றாள். அவர் மோரைக் குடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். இங்கிலீஷில் படித்தேன். தமிழில் சொல்லு என்றாள். மேற்படியார் மேற்படி வருஷத்தில் மதுரையில் குடியிருந்தவர் என்றும், மேற்படி வீடு அவருக்காகப் பராமரிக்கப்பட்டது என்றும் முடிவு செய்யப்படுகிறது என்று சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள், சொன்னேன். தொகை எழுதியிருந்த இடம் வந்தபோது அது வேண்டாம் என்றாள். காகிதத்தை நாலாக மடித்து வேதப்புத்தகத்தில், எங்கள் வீட்டுக் கல்யாணம், பிறப்பு, சாவு எல்லாம் எழுதி வைக்கிற முதல் பக்கத்தில் வைத்தாள்.

அன்று சனிக்கிழமை. எனக்கு லீவு. தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலில் இருந்த உடைந்த கண்ணாடித் துண்டின் முன்னால் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொல்லையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் கண்ணாடி ஆணியக் கீழ எறக்கி அடிச்சிரு" என்றாள். "இனிமே நாம ரெண்டு பேருதான பாக்கணும்."

முக்காலி போட்டு ஏறி ஆணியைப் பிடுங்கினேன். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. ஒரு முழம் கீழே அடித்து மாட்டிவிட்டுப் பார்த்தபோது என் முகம் முழுசாகத் தெரிந்தது. தாடை அப்பாவுடையது. இரண்டு மத்தியானம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரின் அதே தாடை. தந்தி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் அவருக்காக அழுதேன். அம்மா சமையலறையில் உலை வைத்துக்கொண்டிருந்தாள், கேட்டிருக்கும். அவள் வரவில்லை.